மூணு ஏ, ஆவுடையப்பன் வீடு வழி

2016-ஆம் ஆண்டு ஜூன் 14, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, உள்ளே நான்கு பேரையும் ஒரு நிறை சிலிண்டரையும் வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற கண்டக்டர் ஆவுடையப்பனின் வீடு வெள்ளக்கரடு மூன்றாம் தெருவிலிருந்து கிளம்பியது. அஸ்திவாரத்தையும் முருங்கை மரத்தையும் துவைகல்லையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, இரண்டு அறையும் ஒரு அடுக்களையும் கொண்ட அந்த ஓட்டு வீடு, தெருவின் அகலத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் ஒடுங்கி, முனையில் லேசாகச் சாய்ந்து திரும்பி, எதிரே வந்த ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டு, மெயின் ரோட்டில் ஏறியது. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பால் பொங்கவுமில்லை, சிந்தவுமில்லை.

நான்கு பேரில் ஒருவர் ஆவுடையப்பன். ஒருத்தி அவர் மனைவி வேலுத்தாய். கொடுத்த இட்லிக் கொப்பரையைத் திரும்ப வாங்க வந்த பக்கத்து வீட்டுத் தவமணி ஒருத்தி. சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று கேட்டுக்கொண்டிருந்த கேஸ்காரர் இருதயராஜ் நான்காவது ஆள். ஆவுடையப்பன் வாசல்படியில் நின்று, பழைய இரும்பு விசிலை வாயில் வைத்து, இரண்டு தடவை ஊதியிருந்தார். ஒன்று ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். முப்பத்தொரு வருடம் மூணு ஏ டவுன் பஸ்ஸில் ஊதியவருக்குப் பெற்ற மகளின் பெயர் மறந்துபோயிருந்தது, காலையில் சாப்பிட்டது மறந்துபோயிருந்தது, இது மறக்கவில்லை.

தவமணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "மதினி, முருங்கை மரம் பின்னால போகுது."

"மரம் போகல. நாம போறோம்."

"அப்படியா. நான் கூட மரம்னு நெனச்சேன்."

இருதயராஜ் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "யக்கா, இன்னும் ஆறு வீட்டுக்குப் போடணும். என்னைய மில் முக்குல எறக்கி விட்டுருவீகளா?"

அவரை மில் முக்கில் இறக்கிவிட்டு, இரட்டைப் புளியமரம் வரை போய்த் திரும்பி, ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வீடு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. டெப்போவில் பஸ்ஸைப் பின்பக்கமாக நிறுத்துவார்களே, அப்படி வந்து நின்றதால் அடுக்களை தெருவைப் பார்த்துவிட்டது. மறுநாள் தபால்காரர் கடிதத்தை அடுக்களை ஜன்னலில் நீட்டினார். அதற்கு அடுத்த நாள் வாசல் மறுபடி தெருப்பக்கம் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறும் என்று அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்கு முன்னால் இரண்டு வருடமாக வேலுத்தாய்க்கு நான்கு மணி என்றாலே பயம். அதுவரை கட்டிலில் தலையணையுறையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கும் ஆவுடையப்பன் திடீரென்று எழுந்து, தோல்பையைத் தோளில் மாட்டி, வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கத் தொடங்குவார். வீட்டுக்குப் போகணும் என்பார். இதுதான் வீடு என்றால் நம்பமாட்டார். கதவைப் பூட்டினால் பூட்டை ஆட்டுவார், பூட்டாவிட்டால் தெருவில் இறங்குவார், பின்னால் போனால் யாரோ தன்னைத் தொடர்வதாகப் போலீசைக் கூப்பிடுவார். மறதி நோய், சாயங்காலமானால் கூடும், அந்த நேரத்தில் கை வேலை ஏதாவது கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரைக்காய் நார் உரிக்கக் கொடுத்ததில், நாரைச் சட்டியில் போட்டு, காயைத் தெருவில் போன ஆட்டுக்கு ஒவ்வொன்றாக, சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல் கொடுத்தார்.

மனைவியை அவருக்கு அடையாளம் தெரிவதில்லை. டிக்கெட் எடுக்காமல் ஏறிய பொம்பளை என்பது அவருடைய முடிவு.

"ஏம்மா, எங்க ஏறுன?"

"நாப்பத்தோரு வருசத்துக்கு முந்தி, சங்கரன்கோவில்ல."

"எங்க எறங்கணும்?"

"அதான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குள் போய்ச் சிரிப்பாள். அப்படிச் சிரித்ததற்காகப் பிறகு கொஞ்ச நேரம் தன்னையே ஏசிக்கொள்வாள். கேட்டுச் சிரிக்க வேறு ஆள் இல்லாததால் அந்த வேலையையும் அவளே பார்க்க வேண்டியிருந்தது.

அவள் வலது கண்ணில் புரை முற்றியிருந்தது, இடது கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு இரண்டு தடவை நாள் வாங்கி இரண்டையும் விட்டுவிட்டாள். அரை நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ஒரு வாரம் குனியக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது. அந்த ஒரு வாரம் அவரை யார் பார்ப்பது என்ற கேள்வியில் இரண்டு நாளும் போயின. அவளுக்கு ஆவுடையப்பன் இரண்டாகத் தெரிந்தார். ஒருத்தரையே சமாளிக்க முடியல என்று தவமணியிடம் சொன்னாள்.

இனி ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பது.

இரண்டாம் நாள் நான்கு மணிக்கே மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள், பஸ் ஸ்டாண்ட் போக வேண்டும் என்றார்கள். நான்காம் நாள் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் பதினெட்டுப் பேர் எஸ்தர் தலைமையில் வந்து, வீடு தங்கள் ஆபீஸ் வாசலில் நிற்காமல் போவது என்ன நியாயம் என்று கேட்டார்கள். வீடு நகர்வதைப் பற்றி அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, நிற்காததுதான் குறை. எட்டாம் நாள் கவுன்சிலர் வந்து தன் தெருவையும் சேர்க்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார். ரூட்டை மாற்ற ஆவுடையப்பன் ஒப்புக்கொள்ளவில்லை. மின்வாரியத்து ஆள் ஒருவர் தானாக வந்து, கரண்ட் கம்பியைக் கிளம்பும்போது கழற்றி, வந்ததும் மாட்டிக்கொள்ள வசதியாக ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தார். போகும்போது கருவாடு வறுக்கக்கூடாது என்று பயணிகள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள், வேலுத்தாய் சம்மதித்தாள்.

வீடு என்பதால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள், இதில்தான் சிக்கல் வந்தது. செருப்பு ஸ்டாப்பிலேயே நின்றது, ஆள் மட்டும் போனார். தீப்பெட்டி ஆபீசில் ஏறியவர்கள் பஸ் ஸ்டாண்டில் வெறுங்காலோடு இறங்கி, கொதிக்கிற தாரில் குதித்துக் குதித்து நடந்தார்கள். கையில் எடுத்துக்கொண்டு ஏறினால் என்ன என்று யாராவது சொன்னால், அடுத்தவர் வீட்டுக்குள் செருப்பைத் தூக்கிக்கொண்டு போவதா என்று முகம் சுளித்தார்கள். ஜூலை மாதத்தில் மூணு ஏ ரூட்டில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் செருப்புகள் வரிசையாக, போன பக்கமே முகம் வைத்து, சொந்தக்காரர்கள் திரும்பி வரக் காத்துக் கிடந்தன. ஒன்றும் தொலையவில்லை. யாருடைய செருப்பு எது என்று ஊரே அறிந்திருந்தது.

டிக்கெட்டுக்கு ஆவுடையப்பன் தினசரிக் காலண்டரைக் கிழித்தார். முதல் வாரத்திலேயே வீட்டுக் காலண்டர் தீபாவளியைத் தாண்டிவிட்டதால், பயணிகள் தங்கள் வீட்டிலிருந்து நகைக்கடைக் காலண்டர், ஜவுளிக்கடைக் காலண்டர், 1998-ஆம் வருடத்துக் காலண்டர் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். புதிதாக வாங்கிய ஒன்றை மட்டும் வேலுத்தாய் அடுக்களையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டாள், நாள் தெரிய வேண்டுமே. எஸ்தருக்குக் கிடைத்த தாளில் நல்ல நேரம் முடிந்துபோயிருந்தது. வேறு கொடுங்க மாமா என்றாள். கிழிச்சா கிழிச்சதுதான், உள்ள போ, படியில நிக்காத என்றார் அவர்.

மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் ஒரு நாள் வீட்டைக் கைகாட்டி நிறுத்தினார்.

"இது வண்டியா, வீடாம்மா?"

"நிக்கும்போது வீடு சார்."

"பத்திரத்துல அசையாச் சொத்துன்னு இருக்குமே."

"எழுதும்போது அசையல சார்."

அவர் பலகாரம் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், நோட்டில் வெகுநேரம் எதையோ எழுதி அடித்தார். பிறகு தன் ஜீப் ரிப்பேரில் இருப்பதாகச் சொல்லி ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஏறி, ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் சாக்ஸோடு இறங்கிப் போனார். மூணு ஏ பஸ்ஸை இப்போது ஓட்டுகிற கந்தவேல் மட்டும் கோபப்படுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் ரயில்வே கேட்டில் பஸ்ஸை ஓரங்கட்டி வீட்டை முன்னால் விட்டான். சீனியர் வண்டி, நான் எப்படி முந்துறது என்றான்.

அந்த ரயில்வே கேட்டில்தான், ஜூலை இரண்டாம் வாரத்தில், வேலுத்தாய் தூங்கினாள். கூட்ஸ் வண்டிக்காகக் கேட் சாத்தியிருந்தது. ஆவுடையப்பன் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து, யார் டிக்கெட், யார் டிக்கெட் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் எடுத்தாச்சு என்றார்கள், அவர் மறுபடியும் கேட்டார், எல்லோரும் மறுபடியும் எடுத்தாச்சு என்றார்கள். அவள் ஒருத்தி ஒரு நாளில் இருநூறு தடவை சொல்லும் பதிலை இருபத்தாறு பேர் பங்கு போட்டுச் சொன்னார்கள். அதில் எஸ்தர், எனக்கு இன்னொண்ணு கொடுங்க மாமா, எம் மாமியாருக்கு இங்கேயே நிப்பாட்டி எறக்கி விடத் தனியா ஒரு டிக்கெட் என்றாள். தண்டவாளத்துக்கு நடுவுலயா என்று அவர் கேட்டார். கேட்டவரின் முகத்தில் அந்தப் பழைய கள்ளச் சிரிப்பு வந்து போனதை வேலுத்தாய் மங்கலாகப் பார்த்தாள், பார்த்தபடியே கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தவள், இருபத்திரண்டு நிமிடம் தூங்கிப்போனாள். எழுப்பாதீங்க என்று தவமணி எல்லோரையும் அடக்கினாள். கூட்ஸ் போய்க் கேட் திறந்த பிறகும் வீடு கிளம்பாமல் நின்றது, பின்னால் கந்தவேல் ஹாரன் அடிக்காமல் நின்றான்.

ஆனாலும் அவள் உடம்பு அடங்கவில்லை. மறுநாளிலிருந்து கட்டிலில் உட்காருவாள், எழுவாள், வாசலைப் பார்ப்பாள், அவர் தலையை எண்ணுவாள், இரண்டு இருந்தால் நிம்மதி, ஒன்றும் இல்லாவிட்டால் ஓடுவாள். வீடு ஓடுகிறது, வீட்டுக்குள் அவள் ஓடுகிறாள். தூங்கினால் தூக்கத்துக்குள்ளும் கால் ஆடியது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் மகள் செண்பகம் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். முதல் நாள் டிரிப்பில் அவளுக்குக் குமட்டியது. ஸ்டாப்பில் கிடந்த செருப்பு வரிசைகளைப் பார்த்து, இந்த ஊருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு என்றாள். இரண்டாம் நாள் மில் முக்கு வளைவில், படியில் தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் கால் வழுக்கியதையும் இரண்டு பெண்கள் அவர் வேட்டியைப் பிடித்து உள்ளே இழுத்ததையும் பார்த்த பிறகு அவள் எதையும் கிண்டல் செய்யவில்லை.

"வீடு ஓடுறதெல்லாம் எனக்குப் பிரச்சனை இல்லம்மா. நீ உக்காரவே மாட்டேங்குற, அதான் பிரச்சனை. கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் காப்பகத்துல ஒரு எடம் காலியாகுது. நல்லாப் பாத்துக்குறாங்க, நான் போய்ப் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அப்பா அங்க இருந்தா உனக்குக் கண்ணாவது மிஞ்சும்."

"அங்க சாயங்காலம் நாலு மணிக்கு என்ன செய்வாக?"

"டிவி போடுவாங்க."

"அவுக டிவிக்குள்ள இருக்கவுககிட்டப் போயி டிக்கெட் கேப்பாக."

"கேக்கட்டும்மா."

மகள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்பதுதான் வேலுத்தாய்க்குக் கஷ்டமாக இருந்தது. புதன்கிழமை மத்தியானம், அப்பா படியில் தொங்கி விழுந்துவிடக்கூடாது என்று, செண்பகம் அந்த விசிலை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள்.

நான்கு பத்துக்கு வீடு நின்ற இடத்திலேயே நின்றது. வந்து உட்கார்ந்திருந்த பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆவுடையப்பன் பையைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், கொல்லைக்குப் போனார், கொல்லைக் கதவு திறந்திருந்தது. நான்கு பதினைந்துக்கு அவரைக் காணோம்.

ஊர் முழுக்கத் தேடியது. டெப்போவில் தேடினார்கள், டைம் கீப்பர் அறையில் தேடினார்கள், கந்தவேலின் பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக்கு அடியில்கூடப் பார்த்தார்கள். அவர் கண்டக்டர் என்பது எல்லோர் மனதிலும் அவ்வளவு ஊறியிருந்ததால், கண்டக்டர் இருக்கக்கூடிய இடங்களையே திரும்பத் திரும்பத் தேடினார்கள். இருதயராஜ் சைக்கிளில் கிணறு கிணறாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். செண்பகம் வாசல்படியில் உட்கார்ந்து, நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. விசில் எங்க?" என்றாள் வேலுத்தாய்.

அரிசி ஒட்டிய விசிலை வாங்கிச் சேலையில் துடைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயில் வைத்து ஊதினாள். முதலாவது காற்றாகத்தான் வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் சத்தமாக வந்தன. வீடு யார் ஊதினார்கள் என்று பார்க்கவில்லை, கிளம்பியது.

"எனக்குக் கண்ணு தெரியாது. நீ எடது பக்கம் பாரு" என்று மகளை ஜன்னலில் நிறுத்தினாள். தீப்பெட்டி ஆபீஸ், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே கேட் என்று ஒவ்வொன்றாகப் போனது. கேட் திறந்தே இருந்தது. அவள் வாசலில் கம்பியைப் பிடித்து நின்றாள், வெளியே எல்லாம் இரண்டிரண்டாக, எண்ணெய் தடவிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் ஓடின. உள்ளே தவமணியும் எஸ்தரும் மற்றப் பயணிகளும் வலது பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மில் முக்கு நெருங்கும்போது செண்பகம் சொன்னாள்: "அம்மா, அப்பா செருப்பு."

ஸ்டாப்பில், ஊர்க்காரர்களின் செருப்பு வரிசைக்குக் கடைசியில், ஒரு ஜோடி பழுப்புத் தோல் செருப்பு ஒன்றையொன்று ஒட்டி, முகம் ரோட்டைப் பார்க்க இருந்தது. வேலுத்தாய் ஒரு விசில் ஊதினாள். வீடு நான்கடி தள்ளி நின்றது. வேப்பமரத்து நிழலில் கல்லில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, செருப்பு அங்கேயே இருக்க, வெறுங்காலோடு கை காட்டிக்கொண்டு வந்தார்.

"ஸ்டாப்புல நிப்பாட்ட மாட்டீகளா? வயசானவன் ஓடி வரணுமா?"

"தப்புதான். ஏறுங்க."

"இந்த ரூட்டுல ஒரு நாளாவது டயத்துக்கு வந்திருக்கீகளா? எழுதிப் போடுதேன் பாருங்க."

"எழுதிப் போடுங்க. எங்க போணும்?"

அவர் சட்டைப்பையைத் தடவினார், அதற்குள் ஏதோ எழுதி வைத்திருப்பதுபோல் வெகுநேரம் தடவினார். "வீட்டுக்கு" என்றார்.

"எந்த வீட்டுக்கு?"

"வேலுத்தாய் வீடு. மூணாம் தெரு, முருங்கை மரம் நிக்கும். ஸ்டாப் வந்தாச் சொல்லுங்கம்மா, எனக்கு எடம் பிடிபட மாட்டேங்குது. அவ தேடுவா."

"நான் எறக்கி விடுதேன். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை, டிக்கெட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தவமணி ஓடிப்போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த காலண்டரைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேலுத்தாய் கண் தெரியாமல் மேல் தாளை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒன்றைக் கிழித்து நீட்டினாள். அவர் அதை எட்டத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"செப்டம்பர் இருபத்திரண்டு. இது இன்னைக்குச் செல்லாது."

"அன்னைக்குச் செல்லும்."

"அதுவரைக்கும் ஓசியிலயா வரச் சொல்லுதீக?"

"நாப்பத்தோரு வருசம் என்னைய நீங்க அப்படித்தான கூட்டிட்டு வந்தீக. உக்காருங்க."

முன்வரிசையில் எஸ்தர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். இப்பல்லாம் கண்டக்டர்களுக்கு ரொம்ப வாய் என்று அவர் எஸ்தரிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆமா மாமா, அதுலயும் இந்தப் பொம்பளைக்குக் கூடுதல்தான் என்று அவள் ஒத்துக்கொண்டாள். செண்பகம் ஜன்னல் பக்கமே திரும்பி நின்றாள். மூன்றாம் தெருவில் வேலுத்தாய் ஒரு விசில் ஊத, வீடு நிற்க, அவள் அவர் கையைப் பிடித்து வாசலில் இறக்கி, முருங்கை மரத்தைக் காட்டி, அதே வாசல் வழியாக உள்ளே அழைத்து வந்தாள். வந்தவர் சுற்றிலும் பார்த்தார், வீட்டில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று கேட்டார், சாதம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை செண்பகம் காப்பகத்துக்குப் போன் செய்து, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னாள். பிறகு கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். எந்தத் தேதி வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, அவள் அம்மாவைப் பார்த்தாள். கிழிச்ச தேதிதான் என்றாள் வேலுத்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற ஏழு நாளுக்கும் யார் காலையில், யார் மத்தியானம், யார் சோறு கொண்டுவருவது என்று பயணிகள் ஒரு டிரிப்பில் பேசி முடித்தார்கள். படியில் அவர் நிற்கும் இடத்தில், வெளியே விழாமல் இருக்க, இருதயராஜ் இடுப்பு உயரத்துக்கு ஒரு குறுக்குக் கம்பி அடித்துக் கொடுத்தார். விசில் அவர் கழுத்துக்கே திரும்பியது.

2016 செப்டம்பர் 22, வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு வீடு ஸ்பெஷல் டிரிப்பாகக் கிளம்பி, ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நின்றது. வேலுத்தாய்க்கு வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. ஆவுடையப்பன் தன் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினார், செண்பகம் வாங்கிப் பார்த்துச் செல்லும் என்றாள். வேலுத்தாய் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதால் அன்று மாலை நான்கு பத்து டிரிப் கிடையாது.